வீட்டில் ஒரு பட்டாளத்துக்காரர்: டிரங்குப் பெட்டி முதல் இறுதி வணக்கம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

1971 போரில் இருபது வயதில் துப்பாக்கி தூக்கியவர் இன்று எழுபத்தைந்தை ஒட்டி இருக்கிறார். 1965-ல் எல்லையில் நின்றவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு இருப்பதால் அந்த ஊரையே ராணுவப்பேட்டை என்றுதான் சொல்வார்கள். இவர்களில் ஒருவர் காலமானால் ஊர் கூடிவிடும், மாலை குவியும், மத்தியானத்துக்குள் பேனரும் கட்டிவிடுவார்கள். ஆனால் ராணுவ மரியாதை கிடைக்குமா, தேசியக் கொடி போர்த்தலாமா, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற கேள்விகளெல்லாம் அன்று காலையில்தான் கிளம்பும். பந்தல் போடுகிறவரையும் ஐஸ் பெட்டிக்காரரையும் கவனிப்பதா, இதற்குப் பதில் தேடுவதா?

அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அவர் உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டிய வேலைகள். பேப்பர் வேலையைப் போய் மரியாதை என்கிறீர்களே என்று தோன்றினால், ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவை நினைத்துப் பாருங்கள். 1971 போரை நடத்திய தளபதி. 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அந்தப் பதவிக்கு ஓய்வே கிடையாது, சாகும்வரை முழுச் சம்பளம் உண்டு. அவருக்கு அது ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது தலையிட்டு, 2007-ல்தான் ஒரு கோடி ரூபாய்க்கு மேலான நிலுவைத் தொகை காசோலையாக அவர் கைக்கு வந்தது. அவருக்கே முப்பது வருஷத்துக்கு மேல் என்றால் ஒரு நாயக்குக்கும் ஹவில்தாருக்கும் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் படி: டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

பெரும்பாலான பட்டாளத்து வீடுகளில் ஒரு கறுப்பு இரும்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். பரணில் கிடக்கும், அல்லது மேலே மெத்தைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திறங்கள். அவர் இல்லாத நேரத்தில் குடைய வேண்டாம். அந்தப் பெட்டி அவர்களுக்கு அந்தரங்கமானது.

தேட வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ எனும் ஓய்வூதிய ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, மனைவியோடு எடுத்த ஜோடி போட்டோ ஒட்டிய தாள்கள், பதக்கங்கள், யூனிட் குரூப் போட்டோ. சர்வீஸ் நம்பர், ரேங்க், ரெஜிமெண்ட், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி இந்த ஐந்தையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். துக்க வீட்டில் யாராவது போனில் "சர்வீஸ் நம்பர் சொல்லுங்க" என்று கேட்கும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, அவருடைய ரிக்கார்ட் ஆபீஸ் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு ரெஜிமெண்ட்டுக்கும் கோர் எனும் பிரிவுக்கும் தனித்தனி ஆவண அலுவலகம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரருக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படையான எம்.இ.ஜி-க்கும், உணவு, போக்குவரத்தைக் கவனிக்கும் ஏ.எஸ்.சி-க்கும் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வண்டிகளையும் ஆயுதங்களையும் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ-க்கு செகந்திராபாத், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. ராணுவத்திலிருந்து வந்தபின் டி.எஸ்.சி எனும் பாதுகாப்புக் காவல் படையில் சேர்ந்து வேறு பென்ஷனும் வாங்குகிறார் என்றால் அதற்குக் கண்ணூர். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படைக்கு மும்பை.

இப்போது மிக முக்கியமான விஷயம், மனைவியின் பெயர். அவர் பதினெட்டு வயதில் சேர்ந்து, லீவில் வந்து கல்யாணம் முடித்து, யூனிட் குமாஸ்தாவிடம் வாயால் சொன்ன பெயர்தான் ஆவணத்தில் இருக்கும். அங்கே 'லட்சுமி', ஆதாரில் 'லக்ஷ்மி அம்மாள்', வங்கிக் கணக்கில் 'மகாலட்சுமி'. பிறந்த தேதி மூன்று இடத்தில் மூன்றாக இருக்கும். சில வீடுகளில் மனைவியின் பெயர் ஆவணத்திலேயே ஏறியிருக்காது. இதையெல்லாம் அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போது திருத்துவது ஒரு விண்ணப்பத்தோடும் சில மாதக் காத்திருப்போடும் முடிகிற வேலை. அவர் போனபிறகு அதே திருத்தத்துக்கு அந்த அம்மா, வாரிசுச் சான்று, அபிடவிட், அரசிதழ் அறிவிப்பு என்று தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். மாற்றுத்திறனாளிப் பிள்ளை யாராவது இருந்தால் அவர் பெயரும் ஆவணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் அவருக்குப் போக வழி உண்டு, ஆனால் பெயர் இருந்தால்தான் பேச்சே.

இரண்டாம் படி: மாவட்ட அலுவலகமும் மருத்துவ அட்டையும்

பெரியவர்கள் இன்னும் 'சோல்ஜர் போர்டு' என்றுதான் சொல்வார்கள். இப்போதைய பெயர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். உதவி இயக்குநர் தலைமையில் இயங்குகிறது. அங்கே பதிவு செய்து அடையாள அட்டையை நடப்பில் வைத்திருப்பது அடிப்படை. முகவரி மாறியிருந்தால் சொல்லிவிடுங்கள். மகன் வீட்டோடு சென்னைக்கு வந்துவிட்டவரின் பதிவு பழைய மாவட்டத்திலேயே தூங்கிக்கொண்டிருப்பது சகஜம்.

பென்ஷன் வாங்காதவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷம் முடிக்காமல் வெளியே வந்தவர்கள் நிறையப் பேர், போரைப் பார்த்தவர்களாக இருந்தும், பென்ஷன் இல்லாமல் இருக்கிறார்கள். ஹவில்தார் ரேங்க் வரை இருந்து, 65 வயது தாண்டி, பென்ஷன் இல்லாமல் கஷ்டப்படுகிறவருக்கு மத்திய சைனிக் போர்டு மூலம் மாத உதவித்தொகை உண்டு. 2025-ல் இதை 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தினார்கள். கணவர் இறந்திருந்தால் மனைவி விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலே கூலி வேலைக்குப் போகும் பழைய சிப்பாய்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால், சால்வை வாங்கும் காசில் ஆட்டோ பிடித்து அவரை அந்த அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.

பென்ஷன் வாங்குகிறவருக்கு ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று உண்டு. இப்போது பெரும்பாலோர் கணக்கு ஸ்பர்ஷ் எனும் பாதுகாப்புத் துறையின் இணைய ஓய்வூதியத் தளத்துக்கு மாறிவிட்டது. கடைசித் தேதி அதிலேயே காட்டும். போனில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் எனும் டிஜிட்டல் உயிர்வாழ் சான்றை எடுக்கலாம். விரல்ரேகை தேய்ந்துபோன கைகளுக்கு இது பெரிய நிம்மதி. 80 வயது ஆனதும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறில் நூறு. ஆவணத்தில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் இது தள்ளிப்போகும், அல்லது வராமலே போகும்.

மருத்துவத்துக்கு ஈ.சி.எச்.எஸ், முன்னாள் படைவீரர்களுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய மருத்துவத் திட்டம். பாலிகிளினிக் போய், அங்கிருந்து பரிந்துரை வாங்கி, அங்கீகரித்த மருத்துவமனைக்குப் போவது வழக்கமான பாதை. அவசரத்துக்கு நேரே போகலாம். ஆனால் அங்கீகாரம் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் தர வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மாரடைப்பு என்று ஓடும்போது இது யாருக்கும் ஞாபகம் வராது. அந்த பாலிகிளினிக் நம்பரையும் பீரோ கதவுத் தாளில் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: பேசவிடுங்கள்

"தாத்தா, நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?" பேரப்பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். அதோடு தாத்தா வாயை மூடிக்கொள்வார், அல்லது பொய்யாக ஒரு கதை சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பதில் "அங்க லங்கர்ல என்ன தாத்தா போடுவாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சப்பாத்தியைப் பார்த்து முதல் வாரம் அழுதது, பொட்டலத்தில் வந்த கல்லு மாதிரியான சக்கர்பாரா இனிப்பு, ஹிந்தி தெரியாமல் உஸ்தாத் எனும் பயிற்சியாளரிடம் வாங்கிய தண்டனை, அந்தத் தண்டனையில் கூட ஓடிய கேரளத்துக்காரன், அவன் பிறகு என்ன ஆனான் என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அவன் என்ன ஆனான் என்ற இடத்தில் சில நேரம் குரல் நிற்கும். நிற்கட்டும். மறுகேள்வி போடாதீர்கள்.

போனை மேசைமேல் வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள், அவரிடம் சொல்லிவிட்டுத்தான். அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம். பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கும். கத்தாமல், எதிரே உட்கார்ந்து முகம் தெரியப் பேசுங்கள். குரூப் போட்டோவைக் கையில் கொடுத்து ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டு பின்பக்கம் பென்சிலில் எழுதிவையுங்கள். அவர் போய்விட்டால் அந்தப் போட்டோவில் இருக்கும் நாற்பது பேரும் யாரென்று தெரியாதவர்களாகிவிடுவார்கள்.

இலங்கைக்குப் போய்வந்தவர்களிடம் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இருந்த தமிழ்ச் சிப்பாய்கள், தங்கள் மொழியே பேசும் ஊர்களில் துப்பாக்கியோடு நின்றவர்கள். கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அரசியலில் நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, அந்த விவாதத்தை அவருடைய சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் தொடங்காதீர்கள். அவராகப் பேசினால் கேளுங்கள்.

பதக்கங்களையும் இதே சமயத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம். 1965-க்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971-ல் கிழக்கே இருந்தவருக்கு பூர்வி ஸ்டார், மேற்கே இருந்தவருக்கு பஸ்சிமி ஸ்டார், பொதுவாக சங்க்ராம் மெடல். பித்தளை மின்ன வேண்டும் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ரிப்பன் நைந்திருந்தால் மாற்றலாம், உலோகத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: மேடையில் ஏற்றுவதென்றால்

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953-ல் அதே நாளில் ஓய்வுபெற்றதன் நினைவு. நம் ஊரில் அது போகியோடோ பொங்கலோடோ மோதுவதால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. டிசம்பர் 7 கொடி நாள், டிசம்பர் 16 வங்கதேசப் போர் வெற்றி நாள், ஜூலை 26 கார்கில் நாள். இவற்றில் டிசம்பர் 16 எனக்குப் பிடித்தது. 71-ல் இருந்தவர்களுக்கு அது சொந்த நாள், மழை விட்டிருக்கும், பள்ளிக்கூடமும் நடக்கும்.

பள்ளியில் அழைப்பதென்றால் சில விஷயங்கள். காலை ஏழரைக்கு வரச்சொல்லி, சட்டமன்ற உறுப்பினருக்காகப் பத்து மணி வரை வெயிலில் உட்கார வைக்காதீர்கள். நிழல், கைப்பிடி உள்ள நாற்காலி, தண்ணீர், பக்கத்தில் கழிப்பறை. இந்த நான்கும் இல்லாமல் சால்வை மட்டும் போடுவது போட்டோவுக்கு உதவும், அவருக்கு உதவாது. கொடியேற்றும்போது அவரால் நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து இருந்தால் போதும், தூக்கி நிறுத்த வேண்டாம். பதக்கங்களை அவரே அணிந்தால் இடது மார்பில். இறந்துபோனவருடையதை மனைவியோ பிள்ளையோ அணிந்துவருவதென்றால் வலது மார்பில்.

ஐந்தாம் படி: அவரிடமே கேட்டுவிடுங்கள்

சாவைப் பற்றி எப்படிக் கேட்பது என்று பிள்ளைகள்தான் தயங்குவார்கள். பட்டாளத்துக்காரர்கள் இதில் நம்மைவிட எதார்த்தமானவர்கள். "பெரியப்பா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யூனிட்டுக்குச் சொல்லணுமா?" என்று கேட்டால் "சொல்லு, ஆனா மத்தளம் கொட்டிக்கிட்டு வேணாம்" என்று பட்டென்று பதில் வரும். எரிப்பதா புதைப்பதா, எந்த ஊரில், யூனிட் நண்பர்களில் யாருக்குத் தகவல், தொப்பியும் பதக்கங்களும் யாருக்கு என்று கேட்டு எழுதிவையுங்கள். சிலர் எந்த மரியாதையும் வேண்டாம் என்பார்கள். அதையும் எழுதிவையுங்கள், அன்றைக்கு முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரர்கள் வந்து நிற்கும்போது நீங்கள் சொல்ல ஒரு ஆதாரம் வேண்டும்.

ஆறாம் படி: யாருக்கு எந்த மரியாதை, கொடி யார் போர்த்தலாம்

இங்கேதான் குழப்பம் அதிகம். பணியில் இருக்கும்போது உயிரிழப்பவருக்கு ராணுவ மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கும். 1999-ல் கார்கிலில் வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணனுக்கும், 2014-ல் காஷ்மீரில் வீழ்ந்து சென்னை பெசன்ட் நகரில் எரியூட்டப்பட்ட மேஜர் முகுந்த் வரதராஜனுக்கும் நடந்தது அதுதான். ஓய்வுபெற்று முப்பது வருஷம் கழித்து வீட்டில் இறப்பவருக்கு அது தானாக வராது. பதக்கம், பதவி, அருகில் ராணுவ நிலையம் இருப்பது, அங்கே ஆள் கிடைப்பது என்று பலதையும் பொறுத்தது. ஒரு மலர்வளையத்தோடு இரண்டு பேரை அனுப்பலாம், ஒரு சிறு அணியே வரலாம், யாரும் வராமலும் போகலாம். கேட்டால்தான் தெரியும்.

'அரசு மரியாதை' வேறு. அது மாநில அரசு அறிவிப்பது, துப்பாக்கி தூக்குவது காவல்துறை. 2023 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் உறுப்புதானம் செய்தவர்களுக்கும் அது உண்டு. பத்திரிகையில் இரண்டையும் கலந்து '21 குண்டுகள் முழங்க' என்று ஒரே அச்சில் எழுதிவிடுவார்கள். இறுதிச் சடங்கில் வழக்கமாக நடப்பது, ஒரு அணி வானத்தை நோக்கி மூன்று தடவை சேர்ந்து சுடுவது. 21 பீரங்கி முழக்கம் குடியரசுத் தலைவர் போன்றவர்களுக்கு உரியது. மானெக்‌ஷாவுக்கு முழங்கியது 17.

கொடி விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசு மரியாதை அல்லது ராணுவ, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் சடங்கில் மட்டுமே உடல்மேல் தேசியக் கொடி போர்த்தலாம். மற்றபடி யார் போர்த்தினாலும், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு போர்த்தினாலும், 1971-ம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் உண்டு. 'நாட்டுக்காகப் போராடியவருக்குக் கூடவா?' என்று உறவினர்கள் கோபப்படுவார்கள். கோபம் நியாயம்தான், ஆனாலும் போர்த்தாதீர்கள். கடைசி நாளில் அவர் பெயரில் ஒரு போலீஸ் புகார் எழ வேண்டியதில்லை.

அதற்குப் பதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தலைமாட்டில் சீருடைப் படம், ஒரு தட்டில் வெல்வெட் துணி விரித்து அவருடைய ரெஜிமெண்ட் தொப்பியும் பதக்கங்களும். ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தினர் தொப்பியோடும் பதக்கங்களோடும் இரண்டு வரிசையாக நின்று, ஒரு பழைய சுபேதார் ஆணை கொடுக்க, எல்லோரும் சல்யூட் அடிப்பதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. எண்பது வயதுக் கைகள் ஒன்றாக உயரும் அந்தக் காட்சிக்கு முன்னால் எந்த வாடகைப் பூத்தேரும் நிற்காது. பாடையை அவர்களில் நால்வர் கொஞ்ச தூரம் சுமக்க விரும்பினால் விட்டுக்கொடுங்கள்.

ஏழாம் படி: அந்த நாள் காலை

முதலில் மருத்துவரின் இறப்பு உறுதிச் சான்று. வீட்டில் இறந்தால் இதை மறந்துவிட்டு நேரே மாலைக்கு ஓடுவார்கள். அடுத்து போன் பேச இரண்டு பேரை ஒதுக்குங்கள்; அவர்கள் வேறு வேலை பார்க்கக் கூடாது. ஒருவர் சொந்தபந்தங்களுக்கு. இன்னொருவர் பீரோ கதவுத் தாளை வைத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், சங்கத் தலைவர், பக்கத்து ராணுவ நிலையம் மூன்றுக்கும்.

பக்கத்து நிலையம் என்றால் சென்னையில் தக்ஷிண் பாரத் ஏரியா தலைமையகமும் பரங்கிமலை பயிற்சி அகாடமியும் இருக்கின்றன. நீலகிரியில் வெலிங்டன். விமானப்படைக்காரர் என்றால் தாம்பரம், சூலூர், தஞ்சாவூர். கடற்படைக்காரர் என்றால் அரக்கோணம் ராஜாளி, உச்சிப்புளி பருந்து, திருநெல்வேலிப் பக்கம் கட்டபொம்மன் தளம். சொல்ல வேண்டியது சுருக்கமாக: பெயர், சர்வீஸ் நம்பர், ரேங்க், எந்தப் போர், என்ன பதக்கம், எங்கே, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள். அந்தக் கடைசித் தகவல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மூன்று மணிக்கு எடுக்கப்போகிறோம் என்று இரண்டு மணிக்குச் சொன்னால் யாராலும் வர முடியாது. ராகு காலம் பார்த்துத்தான் எடுப்பீர்கள் என்றாலும் அதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

எட்டாம் படி: அணி வந்தால்

வருகிற அணியின் தலைவரும், குடும்பத்தில் முடிவெடுக்கும் ஒருவரும் தனியாக ஐந்து நிமிடம் பேசிக்கொள்ள வேண்டும். எந்தச் சடங்கு முதலில், எது பிறகு என்பதை அப்போதே பேசி முடித்துவிடுங்கள். நெய்ப்பந்தம், வாய்க்கரிசி எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிட்டால் நல்லது. மயானத்தில் ராணுவ மரியாதை, அதன்பின் குடம் உடைத்துக் கொள்ளி வைப்பது என்று வைத்துக்கொண்டால் இரண்டும் இடிக்காது. பறையடிக்கிற அண்ணன்களிடமும் வெடி போடுகிற பையன்களிடமும் முன்கூட்டியே சொல்லி, கை காட்டியதும் நிறுத்தச் சொல்லுங்கள். பியூகிள் ஊதும்போது பத்தாயிரம் வாலா வெடித்தால் எல்லாம் பாழ்.

நடப்பது பொதுவாக இப்படி. கொடி போர்த்தும்போது காவி நிறம் தலைப்பக்கம் வர வேண்டும். மலர்வளையங்கள் வரிசையாக வைக்கப்படும். 'ஷோக் சஸ்த்ர' என்ற ஆணைக்குத் துப்பாக்கிகள் தலைகீழாகும். வீரர்கள் முனையைக் கீழே ஊன்றித் தலைகுனிந்து நிற்பார்கள். பிறகு மூன்று தடவை வானத்தை நோக்கிச் சுடுவார்கள். ஐரோப்பியப் போர்க்களங்களில் இறந்தவர்களை அப்புறப்படுத்த சண்டையை நிறுத்தி, முடிந்ததும் மூன்று வேட்டு வைத்துத் தொடரும் வழக்கத்திலிருந்து இது வந்ததாகச் சொல்வார்கள். பிறகு பியூகிளில் லாஸ்ட் போஸ்ட். பிரிட்டிஷ் முகாம்களில் இரவு கடைசிக் காவல்நிலையையும் பார்வையிட்டு முடித்தாயிற்று என்று அறிவிக்க ஊதியது. அமைதி. அப்புறம் காலையில் எழுப்பும் ரவுஸ்.

வெடிச்சத்தம் வரப்போகிறது என்று வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கீழே விழும் காலித் தோட்டாக்களைப் பையன்கள் பொறுக்கி ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். கூடாது. அணி கிளம்புமுன் கோக்கா எனும் அந்தக் காலித் தோட்டா ஒவ்வொன்றையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தச் சிப்பாய்க்குத்தான் தலைவலி.

கொடியை எரிக்கவோ குழிக்குள் இறக்கவோ கூடாது. அதற்குமுன் எடுத்து மடித்துக் குடும்பத்தின் கையில் தருவார்கள். யார் வாங்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மனைவி இருந்தால் அவர்தான். நம் வழக்கத்தில் பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை என்றால் அணித் தலைவரிடம் சொல்லி, வீட்டு வாசலிலேயே மரியாதையை முடித்து அவர் கையில் கொடுக்கச் சொல்லலாம். மூத்த மகன் வாங்கி வந்து பிறகு தருவதைவிட இது எவ்வளவோ மேல்.

புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் பெட்டியோ உடலோ குழிக்குள் இறங்கும் முன் கொடி அகற்றப்படும். கிறிஸ்தவர்கள் கல்லறை ஜெபத்துக்குப் பிறகு வேட்டுகளை வைத்துக்கொள்ளலாம். முஸ்லிம் குடும்பங்களில் சந்தூக்கை (உடலைச் சுமக்கும் பெட்டியை) தொழுகைக்கு எடுத்துச் செல்லும் முன்பே மரியாதையை முடித்துக்கொள்வது வசதி. அடக்கத்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்பதை அணித் தலைவரிடம் சொன்னால் புரிந்துகொள்வார், ராணுவத்தில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள்.

யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதில் மனதை விடாதீர்கள். 2008 ஜூன் 27-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மானெக்‌ஷா காலமானார். ஊட்டி பார்சி கல்லறையில் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தபோது குடியரசுத் தலைவரும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை. வந்தது ஒரு இணை அமைச்சர்.

ஒன்பதாம் படி: காரியம் முடிவதற்குள்

இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் கெடு. சான்றிதழில் பெயரும் தந்தை பெயரும் ராணுவ ஆவணத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். பத்துப் பிரதி எடுத்து வையுங்கள்.

ஸ்பர்ஷிலும் வங்கியிலும் உடனே தகவல் கொடுங்கள். இறந்த நாள் வரைதான் அவருடைய பென்ஷன். அதற்குப்பின் கணக்கில் ஏறும் பணத்தைக் காரியச் செலவுக்கு என்று எடுத்துவிட்டால், பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் பிடிப்பார்கள். குடும்ப ஓய்வூதியம் மறுநாளிலிருந்து கணக்கு. மனைவி பெயர் பி.பி.ஓ-விலேயே இருந்தால் ஒரு விண்ணப்பம், இறப்புச் சான்று, வங்கி விவரம் என்று எளிதாக முடியும். முதல் படியில் அந்தப் பெயரைத் திருத்தச் சொன்னது இதற்குத்தான். மாவட்ட அலுவலகத்தில் ஈமச்சடங்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பியுங்கள். அம்மாவுக்குத் தனி அடையாள அட்டை, மருத்துவ அட்டை, கேன்டீன் கார்டு மாற்றம் எல்லாம் ஒரே அலைச்சலில் முடியும்படி பட்டியல் போட்டுக்கொண்டு போங்கள்.

கைக்கு வந்த கொடியைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கலாம், கண்ணாடிச் சட்டத்திலும் வைக்கலாம். மேசை விரிப்பாகவோ சுவாமி படத்துக்குத் திரையாகவோ மாற்ற வேண்டாம். நைந்துபோனால் தனியிடத்தில் மரியாதையாக எரித்துவிடலாம், கொடி விதிகளே அப்படித்தான் சொல்கின்றன.

கல் நடுவதென்றால்

இதில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கம், தருமபுரி வயல்களில் இன்றும் நிற்கும் நடுகற்களில் வீரனின் பெயர், ஊர், யாருடைய ஆள், எந்தப் பூசலில் பட்டான் என்று நாலே வரியில் இருக்கும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல் இன்னும் சிக்கனம்: ஆநிரை கவர்ந்தபோது பட்டவன், ஊர், பெயர், கல். இப்போதைய கல்லறைகளில் ஒரு பக்கம் முழுக்கக் கவிதை இருக்கும், சர்வீஸ் நம்பர் இருக்காது. நம்பர், ரேங்க், ரெஜிமெண்ட், பங்கெடுத்த போர், இரண்டு தேதிகள், இவ்வளவும் செதுக்கினால் நூறு வருஷம் கழித்துத் தேடி வருகிறவனுக்கும் வழி கிடைக்கும்.

அப்படித் தேடுகிற குடும்பங்கள் இப்போதே இருக்கின்றன. தாத்தா இரண்டாம் உலகப்போரில் பர்மாவுக்குப் போய்த் திரும்பவில்லை என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். எரியூட்டப்பட்டவர்களுக்கும் உடல் கிடைக்காதவர்களுக்கும் தனி நினைவுச் சுவர்கள் உண்டு. ரங்கூன் அருகே தௌக்யானில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள். கொஹிமாவில் எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. சென்னையில் நந்தம்பாக்கம் போர்க் கல்லறையை ஒரு தடவை போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கல்லும் ஒரே உயரம், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசம் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு போரில் வீழ்ந்தவர் என்றால் 2019-ல் திறந்த டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் கிரானைட் சுவரில் பெயர் இருக்கும். அங்கே தினமும் மாலையில் ஒரு வீரரின் குடும்பத்தை அழைத்து மலர்வளையம் வைக்கச் சொல்கிறார்கள்.

இனி பீரோ கதவில் புதுத் தாள் ஒட்ட வேண்டும், இந்த முறை அம்மா பெயரில். அவருக்கும் ஆண்டுக்கொரு உயிர்வாழ் சான்று உண்டு. அவருக்கு 80 ஆகும்போது குடும்ப ஓய்வூதியத்திலும் அந்த 20 சதவீதம் கூட வேண்டும். கூடியிருக்கிறதா என்று அந்த மாதப் பாஸ்புக்கில் பார்த்துவிடுங்கள்.